வீடு மாறியதும் முயல்களுக்குள் சண்டை: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது எப்படி

வீடு மாறி மூன்றாம் நாள் ராத்திரி. மணி மூன்று இருக்கும். ஹாலில் தடதடவென்று சத்தம் கேட்டு லைட்டைப் போட்டேன். நாலு வருஷமாக ஒரே தட்டில் கொத்தமல்லி தின்ற என் முயல்கள் இட்லியும் மிளகும் தரையில் பம்பரம் போலச் சுழன்றுகொண்டிருந்தன. எது எதைக் கடிக்கிறது என்றே தெரியவில்லை. வெள்ளை ரோமமும் சாம்பல் ரோமமும் ஃபேன் காற்றில் பறந்து பூஜை அலமாரி வரைக்கும் போய் ஒட்டியிருந்தன. காலையில் கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அக்கா மேலே வந்து, "ஏம்மா, ராத்திரி மூணு மணிக்கு உரல்ல என்ன இடிச்சீங்க?" என்று கேட்டார். முயல் பின்னங்காலால் தரையை ஓங்கித் தட்டும் சத்தம் அது. பயந்தாலும் தட்டும், எச்சரிக்கவும் தட்டும். கீழ்வீடு வரை கேட்கும் என்பது எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்கு முன்பு புதுச்சேரி ரெயின்போ நகரில் தரைத்தள வீட்டில் இருந்தோம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. கூண்டைத் தூக்கிச் சாப்பாட்டு மேசைமேல் வைத்து இரண்டு நாள் ஓட்டினோம். மார்கழி போகட்டும் என்று காத்திருந்து, தை பிறந்ததும் லாஸ்பேட்டை மேட்டில் மாடி வீடாகப் பார்த்து வந்தோம். புயலில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடந்தவை, தண்ணீர் வராத வீட்டுக்கு வந்ததும் அடித்துக்கொண்டன.

பழையபடி சேர ஏழு வாரம் ஆனது. அதில் மூன்று வாரம் நானே இழுத்துவிட்டுக்கொண்ட வினை. எனக்கு லேட்டாகப் புரிந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடு மாறியபின் வரும் சண்டையில் பெரும்பாலும் முயலுக்கு முயல் மேல் கோபம் கிடையாது. இடத்துக்குத்தான் சண்டை. முயலுக்குத் தாடைக்கு அடியில் வாசனைச் சுரப்பி இருக்கிறது. கதவு ஓரம், நாற்காலிக் கால், தண்ணீர்க் கிண்ணம் என்று எதைப் பார்த்தாலும் தாடையைத் தேய்த்துவிட்டுப் போகும். 'இது எங்களுடையது' என்று எழுதி வைப்பது மாதிரி. நாலு வருஷம் தேய்த்து வைத்த கணக்கு ஒரே நாளில் அழிந்து, பெயின்ட் வாசனையும் முன்பு குடியிருந்தவர்களின் பூனை வாசனையும் உள்ள இடத்தில் கொண்டுபோய் விட்டால், யார் பெரியவர், எந்த மூலை யாருக்கு என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து பேசித் தீர்க்க வேண்டியிருக்கிறது. அவை பேசுவது பல்லால்.

உங்கள் வீட்டில் இப்போது என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் ரத்தமோ சாப்பிடாமையோ இருந்தால் முதல் இரண்டையும் படித்துவிட்டுப் போங்கள்.

இந்த நிமிஷமே கடித்துக்கொண்டிருக்கின்றன

கையை உள்ளே விடாதீர்கள். முயலின் மூக்குக்கு நேர் முன்னால் இருப்பது அதன் கண்ணுக்குத் தெரியாது. உங்கள் விரலையும் எதிரியின் காதையும் அதனால் பிரித்தறிய முடியாது. எனக்குச் சுட்டுவிரலில் தழும்பு இருக்கிறது. வீட்டில் முறம் இருந்தால் அதை இரண்டுக்கும் நடுவில் செருகுங்கள். முறத்தைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை. அகலமானது, இலேசானது, பட்டாலும் அடிபடாது. இல்லையென்றால் கனமான துண்டை மேலே போட்டு ஒன்றை மட்டும் துண்டோடு சுருட்டித் தூக்குங்கள், பின்புறத்துக்குக் கைகொடுத்து. தண்ணீர் அடிக்க வேண்டாம், கத்தவும் வேண்டாம். இரண்டும் ஏற்கெனவே பயத்தில் இருக்கின்றன.

பிரித்தாயிற்றா? சரி, இப்போது உடம்பைப் பாருங்கள். ரோமத்தை ஊதி ஊதி விலக்கிப் பார்க்க வேண்டும். காது ஓரம், கண் இமை, மூக்கு, தோள், இடுப்பு, வாலுக்கு அடியில் பிறப்புறுப்பைச் சுற்றி. முயலின் தோல் மெல்லியது. கிழிந்த இடத்தை ரோமம் மூடிக்கொள்ளும். வெளியே ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லாமல் உள்ளே ஆழமான பல் ஓட்டை இருக்கலாம். அது ஒரு வாரத்தில் கட்டியாகும். முயலின் சீழ் தண்ணீராக வழியாது, கெட்டித் தயிர் மாதிரி உள்ளேயே உறையும். தானாக உடைந்து ஆறிவிடும் என்று நம்பி உட்கார முடியாது.

சின்னச் சிராய்ப்பு என்றால், கொதிக்க வைத்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக உப்புப் போட்டுக் கழுவினால் போதும். மஞ்சள் அப்பாதீர்கள். என் அம்மா அப்பினார்கள். காயம் தெரியாமல் போனது ஒரு பக்கம், மிளகு மேல் மஞ்சள் வாசனை ஏறி, இட்லிக்கு அது வேற்று முயலாகவே ஆகிவிட்டது. தோல் கிழிந்திருந்தால், கண்ணில் பட்டிருந்தால், பிறப்புறுப்பில் கடி இருந்தால் அன்றைக்கே டாக்டர்.

டாக்டரிடம் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அமாக்சிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழி கொடுத்தால் முயலின் குடல் கெட்டு உயிரே போகலாம். நாய்க்கு எழுதிய மருந்து வீட்டில் மிச்சம் இருக்கிறது என்று எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். உண்ணிக்கு நாய் முதுகில் விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தும் முயலுக்கு ஆகாது. போவதற்கு முன்பே போன் செய்து, முயல் பார்த்துப் பழக்கம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். புதுச்சேரிப் பக்கம் குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

போகும்போது காயம்பட்டதை மட்டும் எடுத்துப் போகாமல் இரண்டையும் தனித்தனிக் கூடையில் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் ஆஸ்பத்திரி வாசனையோடு திரும்பி வந்தால், வீட்டில் இருந்தது அதை அந்நியமாகப் பார்க்கும்.

ஒன்று மூலையில் உட்கார்ந்திருக்கிறது, சாப்பிடவில்லை

இது சண்டைப் பிரச்சினையை விடப் பெரிய பிரச்சினை. பன்னிரண்டு மணி நேரமாகத் தின்னவில்லை, புழுக்கை போடவில்லை என்றால் முயலுக்கு அது அவசர நிலை. குடல் ஓட்டம் நின்றுபோகும். காலைவரை பார்க்கலாம் என்று விடக்கூடாது. புழுக்கை சிறுத்துப்போவது, ரோமத்தில் கோத்த மாலை மாதிரி வருவது, முதுகைக் குனித்து உட்கார்வது, நறநறவென்று பல்லைக் கடிப்பது, இவை முன்னறிகுறிகள். தலையைத் தடவும்போது மெல்லப் பல் உரசுவது சுகத்துக்கு. நறநறப்பது வேறு, வலிக்குக் கடிப்பது. கேட்டால் வித்தியாசம் தெரியும். ஓமவாட்டர், கைவைத்தியம் எதுவும் ஊற்றாதீர்கள்.

அதோடு இதையும் யோசியுங்கள். சண்டையால் சாப்பிடவில்லையா, உடம்பு சரியில்லாததால் சண்டை வந்ததா? முயல் வலியை மறைக்கும். ஆனால் ஜோடி முயலிடம் மறைக்க முடியாது. பல் வளர்ந்து கன்னத்தில் குத்துவது, காதுக்குள் புண், மூத்திரத்தில் சுண்ணாம்பு மாதிரி படிவு என்று ஏதோ ஒன்று இருந்தால், கிட்டே வரும் துணையை அது சீறித் தள்ளும். வீடு மாறிய நேரமும் அதுவும் ஒன்றாக வந்தால் பழி வீட்டின் மேல் போய்விடும். மூன்று வயதைத் தாண்டிய முயல்கள் வைத்திருப்பவர்கள் சேர்க்கும் வேலையைத் தொடங்கும் முன் ஒரு முறை முழுப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது.

ஒன்று மற்றதன் மேல் ஏறிக்கொண்டே இருக்கிறது

இங்கே இரண்டு கதை இருக்கிறது. கருத்தடை ஆபரேஷன் ஆன முயல்களா, ஆகாதவையா?

ஆகாதவை என்றால், அவற்றின் பால் என்னவென்று உறுதியாகத் தெரியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். "கடைக்காரர் ரெண்டும் பொட்டைன்னுதான் கொடுத்தார்" என்பார்கள். எங்களுக்கும் அப்படித்தான் கொடுத்தார்கள். இட்லி பொட்டை என்று நாலு மாதம் நான் சாதித்தேன். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற கதைதான். ஒரு நாள் காலையில் கூண்டுக்குள் கண் திறக்காத ஐந்து குட்டிகள் கிடந்தன. முயலுக்குக் கர்ப்ப காலம் ஏறக்குறைய 31 நாள். ஈன்ற அன்றே மறுபடி சினைப்படும். சந்தேகம் இருந்தால் இன்றே பிரித்து வைத்துவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும், எந்தச் சேர்க்கையானாலும் ஆபரேஷன் இல்லாமல் சேர்த்து வைப்பது மணல்வீடு. குட்டியாக இருந்தபோது ஒட்டியிருந்திருக்கும். வயதுக்கு வந்தபின் ஒரு வீடு மாற்றம் போதும். ஆபரேஷன் முடிந்த அன்றே சேர்க்கவும் கூடாது. சுரப்புகள் அடங்க நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். ஆணுக்கு விதை எடுத்த பிறகும் சில வாரம் குட்டி போட வைக்கும் திறன் மிச்சம் இருக்கும். பெட்டைக்கு ஆபரேஷன் செய்யத் தயங்குகிறவர்கள் அதிகம். வயதாக ஆகக் கருப்பைப் புற்றுநோய் பெட்டை முயல்களில் மிகச் சகஜம் என்பதையும் சேர்த்து யோசித்து முடிவெடுங்கள்.

இரண்டுக்கும் ஆபரேஷன் ஆகியும் ஏறுகிறது என்றால் அது காமம் இல்லை, அதிகாரம். புது வீட்டில் 'நான்தான் பெரியவன்' என்று பதிவு செய்வது. பின்பக்கமாக ஏறி, கீழே இருப்பது அசையாமல் இருந்தால் சில விநாடி விட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறையும் நீங்கள் குறுக்கே போனால் விவகாரம் தீரவே தீராது. கீழே இருப்பது திமிறினால், திரும்பிக் கடிக்கப் பார்த்தால் இறக்கிவிடுங்கள். தலைப்பக்கமாக ஏறினால் மட்டும் ஒரு விநாடிகூட விடக்கூடாது. மேலே இருப்பதன் பிறப்புறுப்பு கீழே இருப்பதன் பல்லுக்கு நேராக இருக்கும். ஒரே கடியில் வாழ்நாள் காயம் ஆகிவிடும்.

புல்லைக் கவ்விக்கொண்டு ஓடுகிறது, தன் ரோமத்தைத் தானே பிடுங்குகிறது

ஆபரேஷன் ஆகாத பெட்டை. ஒன்று நிஜச் சினை, இல்லையென்றால் பொய்ச் சினை. பொய்ச் சினை இரண்டரை வாரத்தில் தானாக அடங்கும். அதுவரைக்கும் கூடு கட்டும், காவல் காக்கும், துணையை விரட்டும், உங்களையும் கடிக்கும். கூட்டைக் கலைக்காமல் தனியே விட்டுவிடுங்கள். அந்த நாட்களில் சேர்க்க முயல்வது வீண்.

வீடு முழுக்க மூத்திரம், புழுக்கை

பழக்கம் மறந்துவிட்டது என்று திட்டாதீர்கள். மூத்திரத் தட்டில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த முயல் புது வீட்டில் சுவர் ஓரமெல்லாம் சிதறினால், அது எல்லைக் கல் நடுகிறது. இரண்டும் மாறி மாறி நட்டால் சண்டை வரப்போகிறது என்று அர்த்தம். சண்டை தொடங்கும் முன்பே தெரியும் அறிகுறி இது. எங்கள் வீட்டில் முதல் நாளே தெரிந்தது. நான்தான் பால் காய்ச்சிய அலைச்சலில் கவனிக்கவில்லை.

நான் செய்த பிழைகளை வரிசையாகச் சொல்கிறேன். புது வீட்டுக்குப் போகிறோமே என்று கூண்டு, தட்டு, விரிப்பு எல்லாவற்றையும் டெட்டால் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். தரை முழுக்க ஃபினைல் போட்டேன். சாம்பிராணி போட்டு ஒவ்வொரு மூலைக்கும் காட்டினேன். பிறகு இரண்டையும் திறந்துவிட்டு, "போங்க, ரெண்டு பெட்ரூம் ஹால் முழுக்க உங்களுக்குத்தான்" என்றேன். அவற்றுக்கு அறிமுகமான ஒரே வாசனையையும் அழித்துவிட்டு, காவல் காக்க ஆயிரம் சதுரடியையும் கொடுத்துவிட்டேன்.

செய்திருக்க வேண்டியது இதற்கு நேர் எதிர். பழைய வீட்டில் அவை கடைசியாகப் படுத்திருந்த சாக்கு, பாதி அழுக்கான புல் தட்டு, கடித்துத் துப்பிய அட்டைப்பெட்டி, எல்லாம் கழுவாமல் அப்படியே வர வேண்டும். ஒரே ஒரு அறையின் ஒரு மூலை, ஆறுக்கு ஆறு அடி போதும், கம்பி வலைத் தட்டியால் அடைத்து அதற்குள் இவற்றைப் பரப்பி, முதல் பத்து நாள் அங்கேயே வைத்திருக்க வேண்டும். வெளியே எல்லைக் கல் நட்ட இடங்களை ஃபினைல் இல்லாமல், வெள்ளை வினிகரைச் சரிபாதி தண்ணீரில் கலந்து துடையுங்கள். மொசைக் தரை, மார்பிள் என்றால் வினிகர் பளபளப்பைத் தின்றுவிடும். வீட்டுக்காரரிடம் திட்டு வாங்காமல் இருக்க அங்கே வெறும் வெந்நீரும் கொஞ்சம் சோப்பும் போதும்.

பூனை வாசனைக்கு ஒரு தனி வார்த்தை. முன்பு பூனை வளர்ந்த வீடு என்றால், அது உரசிய கதவு நிலைகளையும் ஜன்னல் விளிம்பையும் முயலின் உயரத்துக்குத் துடைத்துவிடுங்கள். முயல் பயந்தால் பயமுறுத்தியதைக் கடிக்காது, பக்கத்தில் இருப்பதைக் கடிக்கும்.

கம்பிக்கு இரு பக்கமும் நின்று சீறுகின்றன

பிரித்து வைப்பதிலும் வழி இருக்கிறது. நான் முதல் மூன்று வாரம் இட்லியை ஒரு பெட்ரூமிலும் மிளகை இன்னொன்றிலும் கதவைச் சாத்தி வைத்தேன். கோபம் ஆறட்டும் என்று நினைத்தேன். கோபம் ஆறவில்லை, அடையாளம் மறந்தது. வெளியே வரும்போது இரண்டும் முன்பின் தெரியாத முயல்கள். அதோடு ஆளுக்கு ஓர் அறை சொந்தமும் ஆகிவிட்டது.

இரண்டு கூண்டும் ஒரே அறையில், பக்கம் பக்கமாக, நடுவில் நாலு விரல் இடைவெளியோடு இருக்க வேண்டும். ஒட்டி வைத்தால் கம்பி வழியாக மூக்கையும் உதட்டையும் கடித்துவிடும். முதல் நாளே ஆளை மாற்றுங்கள். இதன் கூண்டில் அது, அதன் கூண்டில் இது. தட்டை மாற்றாதீர்கள், ஆள் மட்டும் மாற வேண்டும். தினமும் காலையில் ஒரு முறை. மிளகு விட்டுப்போன புழுக்கைமேல் இட்லி போய் உட்கார வேண்டியிருக்கிறது, வேறு வழியில்லை. நாலு நாளில் 'என் கூண்டு' என்பது கரைந்துபோகிறது.

சாப்பாட்டை இரண்டு கூண்டிலும் நடு ஓரத்தில் வையுங்கள், எதிரெதிரே உட்கார்ந்து தின்கிற மாதிரி. முதலில் கொத்தமல்லியைக் கவ்விக்கொண்டு மறுகோடிக்கு ஓடும். பிறகு ஒரு நாள் அங்கேயே நின்று மெல்லும். பிறகு கம்பி ஓரமாகவே முதுகைச் சாய்த்துப் படுக்கும். இரண்டும் கம்பி ஓரம் படுப்பது மூன்று நாள் தொடர்ந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். அதற்கு முன்பு போகக் கூடாது.

ஓர் இடத்தில் சமாதானம், இன்னோர் இடத்தில் சண்டை

இது நல்ல அறிகுறி. சண்டை இடத்துக்கானதுதான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இரண்டுக்கும் சொந்தமில்லாத இடத்தில் சந்திக்க வைத்து, அங்கே பழகியபின் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

யாருக்கும் சொந்தமில்லாத இடத்துக்குச் சின்ன வீட்டில் எங்கே போவது? பாத்ரூம் பலருக்குக் கைகொடுக்கும். நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஆசிட் வாசனை இருக்கக் கூடாது, டைல்ஸ் வழுக்காமல் இருக்க அவை இதுவரை படுக்காத பழைய போர்வையை விரிக்க வேண்டும். மாடிப்படித் திருப்பம் நல்ல இடம், கீழே இறங்காமல் அட்டை வைத்து அடைத்தால். மொட்டை மாடி வேண்டாம் என்பேன். பருந்து, காக்கை, கைப்பிடிச் சுவர் ஓட்டை, போதாததற்கு வெயில். எங்களுக்குக் கிடைத்தது கீழ்வீட்டு அக்காவின் ஸ்டோர் ரூம். "உரல் இடிக்கிறதுங்களா? கொண்டா பார்ப்போம்" என்று அவரே சாவியைக் கொடுத்தார்.

முதல் சந்திப்பு பத்து நிமிஷம். வெறும் இடமாக இருக்கக் கூடாது. இரண்டு பக்கமும் ஓட்டை வெட்டிய அட்டைப்பெட்டி ஒன்று (ஒரே வாசல் இருந்தால் உள்ளே மாட்டிக்கொண்டது அடிபடும்), கைநிறையப் புல், அருகம்புல்லோ முருங்கைக்கீரையோ ஒரே குவியலாக இல்லாமல் பரப்பி. நீங்கள் தரையில் உட்காருங்கள், முறம் மடியில். போன் பார்க்கக் கூடாது.

வால் நிமிர்ந்து, காது பின்னால் ஒட்டி, உடம்பு விறைத்து ஒன்றை ஒன்று வட்டமடிக்கத் தொடங்கினால், கடிக்கு இன்னும் இரண்டு விநாடிதான் இருக்கிறது. அப்போதே முறத்தை நடுவில் விடுங்கள். விரட்டுவது தப்பில்லை. ஓடுவது நின்றதும் துரத்துவதும் நின்றுவிட்டால் சரி. மூலையில் மாட்டியபின்னும் துரத்தினால், வாயில் ரோமம் இருந்தால் அன்றைக்குப் போதும். ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாமல் தன்பாட்டுக்கு முகம் கழுவிக்கொண்டிருந்தால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். உண்மையில் அதுதான் வெற்றி. முதுகைக் காட்டிக்கொண்டு முகம் கழுவுவது நம்பிக்கை இல்லாமல் நடக்காது.

தலையைக் கீழே நீட்டி, தரையோடு வைத்துக்கொண்டு ஒன்று மற்றதன் முன்னால் படுக்கும். 'என்னை நக்கிவிடு' என்று கேட்பது அது. இரண்டுமே கேட்டு இரண்டுமே கொடுக்காவிட்டால் சிக்கல். அப்போது நான் இரண்டு தலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே கையால் மாறி மாறித் தடவுவேன். இதை யார் செய்தார்கள் என்று அவை குழம்பட்டும்.

நல்லபடியாக நடக்கும்போதே முடித்துவிடுங்கள். சண்டையில் முடிந்த சந்திப்பைத்தான் அவை ஞாபகம் வைத்திருக்கும். பத்து நிமிஷம் இருபதாகி, ஒரு மணி நேரமாகி, அரை நாளாக வேண்டும். நாளுக்கு நாள் ஏறியே போகாது. எங்களுக்குப் பதினோராம் நாள் மறுபடி ரோமம் பறந்தது. மூன்று நாள் பின்னால் போய்த் தொடங்கினோம்.

சீக்கிரம் சேர்க்க ஒரு குறுக்கு வழி சொல்வார்கள். இரண்டையும் ஒரே கூடையில் போட்டு ஸ்கூட்டரில் ஈசிஆர் பக்கம் ஒரு சுற்று சுற்றி வந்தால் ஒட்டிக்கொள்ளும் என்று. ஒட்டிக்கொள்ளும்தான், பயத்தில். ஃபெஞ்சல் அன்று சாப்பாட்டு மேசைமேல் ஒட்டியிருந்ததும் அதே பயம்தான் என்று இப்போது நினைக்கிறேன். அந்தப் பயம் குடலையும் நிறுத்தும். மூக்கில் பவுடர், சென்ட் தடவி இரண்டையும் ஒரே வாசனை ஆக்கச் சொல்வதும் இந்த வகைதான். முயலின் நுரையீரலுக்கு ஆகாது. குளிப்பாட்டுவது அதைவிட மோசம்.

வெளியே நன்றாக இருக்கின்றன, கூண்டுக்குள் போனால் சண்டை

கூண்டு இன்னும் ஒருவருடையதாக இருக்கிறது. முடிந்தால் அதைத் தூக்கிவிட்டு இருவருக்கும் புதிதாக ஒரு தட்டி வளைவு போடுங்கள். முடியாவிட்டால் கூண்டின் வாசலை வேறு பக்கம் திருப்பி, உள்ளே இருப்பவற்றை இடம் மாற்றி, வேறு சுவர் ஓரம் வையுங்கள். தண்ணீர் இரண்டு கிண்ணம், புல் இரண்டு இடம், மூத்திரத் தட்டு இரண்டு. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் சண்டை என்றால் தீவனக் கிண்ணத்தை எடுத்துவிட்டுத் தீவனத்தைத் தரையில் விசிறுங்கள். காக்க ஒரு கிண்ணம் இல்லாவிட்டால் சண்டை பாதி குறைந்துவிடும்.

சண்டை இல்லை, ஆனால் தள்ளித் தள்ளிப் படுக்கின்றன

மாதம் என்ன? சித்திரை, வைகாசி என்றால் கவலையை விடுங்கள். 30 டிகிரியைத் தாண்டினாலே முயல் திணறும். கத்திரி வெயிலில் புதுச்சேரியும் கடலூரும் அதைத் தாண்டி எங்கேயோ போய்விடும், கடற்காற்றின் புழுக்கம் வேறு. ரோமக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு யார் கட்டிப்பிடித்துப் படுப்பார்கள்? விடிகாலையில் பாருங்கள். குளிர்ந்த நேரத்தில் ஒரே தட்டில் தின்றால் ஜோடி உடையவில்லை. உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி இரண்டு வையுங்கள். ஒன்று வைத்தால் அதற்கும் சண்டை. காது சுட்டு, மூக்கு நனைந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது வெப்பத்தாக்கு. காதைக் குளிர்ந்த தண்ணீரால் துடைத்துக்கொண்டே டாக்டரிடம் ஓட வேண்டும். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள்.

ஐப்பசியில் வேறு மாதிரி. தீபாவளி வெடி வெடிக்கும் வாரம் எந்தச் சந்திப்பும் வேண்டாம். கூண்டுகள் பக்கம் பக்கமாக இருந்தால் போதும்.

வாரக்கணக்காகச் செய்தும் சேரவில்லை

சில ஜோடி மூன்று நாளில் சேரும், சிலவற்றுக்கு மூன்று மாதம் ஆகும். கம்பி ஓரம் படுப்பதே நடக்கவில்லை என்றால், இரண்டு வாரம் சந்திப்புகளை நிறுத்திவிட்டு ஆள் மாற்றுவதை மட்டும் செய்யுங்கள். இடத்தையும் மாற்றிப் பாருங்கள். ஸ்டோர் ரூமில் பத்து முறை சண்டை போட்டிருந்தால் அது இனி பொது இடம் இல்லை, போர்க்களம். ஒவ்வொரு சந்திப்பிலும் ரத்தம் வருகிறது என்றால் நிறுத்திவிடுங்கள். பக்கத்துப் பக்கத்துக் கூண்டில், மூக்கு வாசனை படும் தூரத்தில், வாழ்நாள் முழுக்க இருக்கும் ஜோடிகளும் உண்டு. 'ஒன்றைக் கொடுத்துவிடலாமா' என்ற யோசனை வரும்போது முதலில் இதை முயன்று பாருங்கள்.

சேர்ந்துவிட்டால்? இரண்டு முழு நாள், ராத்திரியும் சேர்த்து, நீங்கள் பக்கத்தில் இருந்து சண்டையே இல்லாமல் கழிந்தால் தனியே விடலாம். எங்கள் வீட்டில் ஹாலில் பாய் போட்டு நான் படுத்தேன். இரண்டாம் ராத்திரி மிளகு வந்து இட்லியின் கண் ஓரத்தை நக்கத் தொடங்கி, காது நுனி வரை போய், திரும்பக் கண்ணுக்கு வந்தது. மணி நாலு. அசைந்தால் நின்றுவிடுமோ என்று கால் மரத்தும் திரும்பிப் படுக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் வீட்டைத் திறக்க ஆரம்பித்தேன், வாரத்துக்கு ஓர் அறை. ஒவ்வொரு புது அறையிலும் இரண்டு நாள் கொஞ்சம் விரட்டல், ஏறல், பிறகு அடங்கியது. பால்கனி மட்டும் இன்னும் மிளகுக்குத்தான். இட்லி வாசற்படியில் முன்னங்காலை வைத்து எட்டிப் பார்க்கும், மிளகு திரும்பி ஒரு பார்வை பார்க்கும், இட்லி காலை எடுத்துக்கொள்ளும்.